செகண்ட்ஸ் குண்டு வாங்கினால் அடியிலிருந்து பார்

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் வந்து ஒரு வாரம் ஆகிறது. இடாஹோவில் வீடு அமைந்ததும், மகள் புதுப் பள்ளியில் ஒட்டிக்கொண்டதும் படிக்க மனசு நிறைந்தது. இங்கே ஓரிகனில் மழை பிடித்துக்கொண்டது. மற்றபடி எல்லோரும் சுகம். கராஜில் ரீலோடிங் பிரஸ் (சுட்ட தோட்டாவை மறுபடி நிரப்பும் கருவி) மாட்டியாகிவிட்டது, கம்பெனி கழித்து மலிவாக விற்கும் செகண்ட்ஸ் குண்டு வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். வாங்கலாம். எதைப் பார்த்து வாங்குவது, வந்த பிறகு என்ன செய்வது என்பதில்தான் லாபமும் நஷ்டமும் இருக்கிறது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் சொல் குழப்பம் தீரட்டும். ஊரில் முழுத் தோட்டாவையும் புல்லட் என்றுதான் சொல்வோம். இங்கே கடையில் புல்லட் என்றால் கேஸின், அதாவது பித்தளைக் கூட்டின், வாயில் உட்காரும் குண்டு மட்டும். தீப்பொறி தரும் பிரைமரும் வெடிமருந்தும் அதில் சேராது. அந்தக் குண்டைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

மலிவு விலையில் வருவதெல்லாம் ஒரே ரகம் இல்லை. பிளெம் என்று போட்டிருந்தால் தோற்றத்தில் மட்டும் பழுது. அளவும் எடையும் சரியாக இருக்கும் என்று கம்பெனியே சொல்லி விற்பது. ஓவர்ரன் என்றால் தேவைக்கு மேல் ஓட்டிவிட்ட நல்ல சரக்கு. கிடைத்தால் யோசிக்காமல் எடுத்துக்கொள். புல்டு என்றால் வேறு, பழைய தோட்டாக்களைப் பிரித்து உருவிய குண்டு. அதில் இடுக்கி கடித்த தழும்பும், சில சமயம் தண்ணீர் புகாமல் இருக்கப் பூசிய கருப்புத் தாரும் இருக்கும். 0.308 அங்குல விட்டத்தில் மலிவாக வரும் 147 கிரெய்ன் (குண்டின் எடை அளவு) புல்டு பெரும்பாலும் ராணுவ ரகம். முழு உறை போட்டது, உடம்பில் பட்டால் விரியாது. பல மாநிலங்களில் பெரிய மிருகத்துக்கு விரியும் குண்டுதான் சட்டம். வேட்டைக்கு அதை மறந்துவிடு.

பிளெம் சரக்கில் நல்ல பெயர் நோஸ்லருக்கு. நம் ஓரிகனிலேயே பெண்ட் ஊர்க் கம்பெனி. பார்ட்டிஷன், பாலிஸ்டிக் டிப், அக்யூபாண்ட் என்ற அவர்களின் மூன்று குண்டு ரகமுமே செகண்ட்ஸாக வரும். என்ன பழுது என்று கேட்டால், செம்பு உறையில் கழுவும்போது நின்ற ஈரக் கறை, களிம்பு, டை அச்சில் பட்ட கீறல், பிளாஸ்டிக் முனையின் நிறம் மங்கியது, பார்ட்டிஷனின் ஈய முனை நசுங்கியது, குண்டைச் சுற்றிப் போட்ட கேனலூர் என்ற பள்ள வரி இடம் மாறியது, இவ்வளவுதான் பெரும்பாலும். திருப்பூர் செகண்ட்ஸ் பனியனில் தையல் கோணலா, துணியே ஓட்டையா என்று பிரித்துப் பார்ப்போமே, அதே கண் இங்கேயும் வேண்டும்.

எந்தப் பழுது எங்கே இருக்கிறது என்பதுதான் முழு விஷயமும். முனையில் இருந்தால் கவலை இல்லை. அடியில் இருந்தால் அந்தக் குண்டு வேண்டாம். இது புதுக் கண்டுபிடிப்பு இல்லை. டாக்டர் ஃபிராங்க்ளின் மேன் என்பவர் குண்டின் முனையை வேண்டுமென்றே சிதைத்தும், அடியைச் சிதைத்தும் ஆண்டுக்கணக்கில் சுட்டுப் பார்த்து 1909இல் முடிவுகளை வெளியிட்டார். முனை சிதைந்தவை ஏறக்குறைய ஒழுங்காகவே போயின, அடி சிதைந்தவை சிதறின. காரணம் எளிது. குண்டு குழல் வாயை விட்டு வெளியேறும் கணத்தில் பின்னாலிருந்து தள்ளும் வாயு அடி விளிம்பைச் சுற்றிச் சமமாகக் கசிய வேண்டும். விளிம்பில் ஒரு பக்கம் சொட்டை இருந்தால் அந்தப் பக்கம் வாயு முந்திக்கொண்டு வெளியேறும், குண்டின் பின்புறம் லேசாக உதைபடும். கண்ணால் பார்க்கவே சிரமப்படுகிற அந்தச் சாய்வு 200 கஜத்தில் இலக்குத் தாளில் தெரிந்துவிடும்.

அதனால் பை வந்ததும் முதல் வேலை, நல்ல விளக்குக்கு அடியில் வெள்ளைத் துணி விரித்து 50, 50 ஆகக் கொட்டிப் பார்ப்பது. ஒவ்வொரு குண்டையும் முனையைப் பிடித்துத் தூக்கி அடி விளிம்பில் கட்டைவிரல் நகத்தை ஒரு சுற்று ஓட்டு. நகம் எங்கும் தடுக்காமல் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். தடுக்கினால் தனி டப்பா. அடிப்பக்கம் குறுகிச் சரியும் படகு அடி ரகமாக இருந்தால் சரிவு தொடங்கும் ஓரத்தையும் அப்படியே பார். அடுத்து உறையின் வளைவில் மடிப்போ விரிசலோ உண்டா என்று பார்க்க வேண்டும். கீறல் வேறு, விரிசல் வேறு. சந்தேகம் வந்தால் ஊசி முனையால் வருடிப் பார், விரிசல் ஊசியைப் பிடிக்கும். விரிசல் விட்டதைப் பயிற்சிக்குக்கூட வைத்துக்கொள்ளாதே. பிளாஸ்டிக் முனை கழன்றது, கோணியது எதுவானாலும் வேட்டைக்கு ஆகாது. முனைதான் குண்டை விரியத் தொடங்கவைக்கிறது. அது இல்லாமல் எப்படி விரியும் என்று நம்ப முடியாது. ஈய முனை மட்டும் நசுங்கியிருந்தால் தாராளமாக எடுத்துக்கொள். மேகஸினுக்குள் நாலு முறை உதைபட்டால் புதுப் பெட்டிக் குண்டின் ஈய முனையும் அப்படித்தான் ஆகப்போகிறது.

கறையையும் களிம்பையும் துடைத்தே ஆக வேண்டும் என்றில்லை. சுடுவதில் அதனால் ஒன்றும் கெடாது. கை பிசுபிசுத்தால் ஐசோபுரொபைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்து உலரவை. பிளாஸ்டிக் முனை உள்ளதில் அசிட்டோன் படக்கூடாது. ஈய முனைக் குண்டை உருட்டித் துலக்கும் டம்ளர் இயந்திரத்தில் போடாதே. முனை மேலும் சிதையும், ஈயத் தூசியும் கிளம்பும்.

அடுத்தது விட்டம். இதைத் தவிர்க்கவே கூடாது. செகண்ட்ஸ் பையில் பல நேரம் லாட் (தயாரிப்புத் தொகுதி) எண் இருக்காது, பெட்டி இருக்காது, வெறும் பிளாஸ்டிக் பையும் கையெழுத்துச் சீட்டும்தான். .270 ரைஃபிளுக்கு 0.277 அங்குலம், 7 மி.மீ.க்கு 0.284. வித்தியாசம் ஆயிரத்தில் ஏழு பங்கு, கண்ணுக்குத் தெரியாது. உன் .30-06க்கு 0.308; .303 பிரிட்டிஷுக்கான 0.311 கலந்துவிட்டால் அழுத்தம் எகிறும். மைக்ரோமீட்டரில் ஒவ்வொரு பையிலிருந்தும் பத்து குண்டாவது அளந்து பார். பாலிஸ்டிக் டிப்பில் .270க்கு மஞ்சள், 7 மி.மீ.க்குச் சிவப்பு, .30க்குப் பச்சை என்று முனை நிறம் உண்டு. நிறம் தப்பியதால்தான் அது செகண்ட்ஸாகவே வந்திருக்கலாம், அதனால் நிறத்தை நம்பாமல் அளவை நம்பு.

பிறகு எடை. 0.1 கிரெய்ன் காட்டும் எலெக்ட்ரானிக் தராசு போதும். 180 கிரெய்ன் குண்டு என்றால் பெரும்பாலானவை ஒன்றுக்கொன்று அரை கிரெய்னுக்குள் கூடிவிடும். ஒரு கிரெய்ன் வித்தியாசத்தால் தாளில் என்ன ஆகும்? வேகம் நொடிக்கு ஏழெட்டு அடி மாறும், 300 கஜத்தில் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு ஏறும் இறங்கும். மானுக்கும் எல்க் என்ற பெரிய மானுக்கும் அது ஒரு பொருட்டே இல்லை. ஆனாலும் எடை போடச் சொல்கிறேன், ஏனென்றால் கூட்டத்திலிருந்து விலகி இரண்டு மூன்று கிரெய்ன் குறைந்து நிற்கும் குண்டுக்குள் ஈயம் முழுசாக நிரம்பாமல் பொள்ளல் இருக்கலாம். பொள்ளல் ஒரு பக்கமாக இருந்தால் கனத்தின் மையம் நகர்ந்துவிடும், சுழலும்போது தள்ளாடும். அது முனை கெட்ட குண்டைவிட மோசம்.

குண்டின் வளைவில் உட்காரும் துளையுள்ள கம்பேரேட்டர் ஒன்றை வெர்னியரில் மாட்டி அடியிலிருந்து வளைவு வரை நீளத்தையும் பார்த்துவிடு. முனையிலிருந்து அளந்தால் நசுங்கிய முனை ஏமாற்றும். ஒரே பைக்குள் அங்குலத்தில் ஆயிரத்தில் ஐந்து பங்குக்கு மேல் வித்தியாசம் வந்தால் இரண்டு டையின் சரக்கு, அல்லது இரண்டு லாட் கலந்திருக்கிறது என்று அர்த்தம். இரண்டாகப் பிரித்து இரண்டு டப்பாவில் போட்டு, விட்டம், எடை, ரகம், வாங்கிய தேதி எழுதி ஒட்டு. எழுதாத டப்பாவை ஆறு மாதம் கழித்து எடுத்தால் அக்யூபாண்டா, பாலிஸ்டிக் டிப்பா என்று நீயே தடுமாறுவாய். வடிவம் ஏறக்குறைய ஒன்று. அக்யூபாண்டில் ஈயம் உறையோடு ஒட்டவைக்கப்பட்டிருக்கும், மற்றதில் அப்படி இல்லை. எல்க்கின் தோள் எலும்பில் படும்போது அந்த வித்தியாசம் பெரியது.

மருந்து விஷயத்தில் ஒரே வார்த்தை: செகண்ட்ஸை எப்போதும் புது லாட்டாகவே நடத்து. அதே கம்பெனி, அதே எடை, அதே பெயர் என்று பழைய உச்ச அளவில் நேராகப் போடாதே. குண்டு குழலோடு உராயும் நீளம் கொஞ்சம் மாறினாலும் அழுத்தம் மாறும். .30-06க்கு SAAMI (தோட்டாத் தயாரிப்பாளர்களின் தர அமைப்பு) வகுத்த வரம்பு சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டு (பிஎஸ்ஐ). உன் ரைஃபிளுக்குள் எவ்வளவு என்று காட்ட மீட்டர் கிடையாது. அந்தக் குண்டுக்கான கையேட்டின் ஆரம்ப அளவிலிருந்து அரை கிரெய்னாக ஏறு. போல்ட் கைப்பிடி தூக்கக் கனத்தாலோ, கேஸை வெளியே தள்ளும் எஜெக்டரின் தடம் கேஸின் அடியில் பளபளத்தாலோ அங்கேயே நிறுத்திவிட்டு இறங்கிவிடு. கேனலூர் இடம் மாறிய குண்டில் அந்த வரியைப் பார்த்து ஆழம் வைக்காதே. போல்ட் ரைஃபிளுக்குக் கிரிம்ப் (கேஸ் வாயைக் குண்டின் மேல் இறுக்குவது) தேவையில்லை. தோட்டாவின் மொத்த நீளம் 3.340 அங்குலத்தைத் தாண்டாமல், வளைவை வைத்து ஆழத்தை முடிவு செய். வரி எங்கே வேண்டுமானாலும் நிற்கட்டும்.

சோதிக்கும்போது மூன்று குண்டு சுட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லாதே. புதுப் பெட்டிக் குண்டில் பத்து, செகண்ட்ஸில் பத்து, ஒரே மருந்து. ஐந்தைந்தாக மாற்றி மாற்றி 100 கஜத்தில் சுடு, நடுவில் குழலை ஆறவிடு. செகண்ட்ஸ் ஒன்றரை அங்குலத்துக்குள் நின்றால் 300 கஜத்தில் நாலரை அங்குலம். மானின் உயிர்நிலை எட்டு அங்குலம் என்று கணக்கு வைத்தால் இடம் தாராளம். சலித்துப் பிரித்த நல்ல குவியலை வேட்டைக்கு வைத்துக்கொள், இரண்டாம் குவியல் கோடை முழுவதும் பயிற்சிக்கு. ஒரே வடிவம், ஒரே எடை என்பதால் தோளும் விரலும் சீசனில் புதுசாகப் பழக வேண்டியதில்லை. செகண்ட்ஸ் வாங்குவதில் எனக்குப் பெரிய லாபமாகப் படுவது இதுதான், காசு அடுத்தது. விரிவதும் பார்க்க வேண்டுமென்றால் தண்ணீர் நிரப்பிய ஒரு கேலன் பால் கேன்களை ஆறேழு வரிசையாக வைத்து, பின்னால் மண்மேடு இருக்கும் இடத்தில் ஒன்றைச் சுட்டு, எடுத்து எடை போடு. அக்யூபாண்ட் பாதிக்கு மேல் எடையைக் காத்துக்கொண்டு காளான் போல விரிந்திருக்க வேண்டும்.

வாங்கும்போது இரண்டு கணக்கு. குண்டு மட்டும் என்றால் ஆபத்துப் பொருள் கட்டணம் கிடையாது. அது மருந்துக்கும் பிரைமருக்கும்தான். ஆனால் கனம் உண்டு: 180 கிரெய்னில் 500 குண்டு கிட்டத்தட்ட 13 பவுண்டு. தபால் துறையின் ஃபிளாட் ரேட் பெட்டியில் அனுப்பும் கடையாகப் பார், இல்லாவிட்டால் மிச்சப்பட்டதெல்லாம் கூலிக்குப் போகும். செகண்ட்ஸைத் திருப்பி எடுத்துக்கொள்ளாத கடைகள் உண்டு, அதையும் முன்பே கேட்டுவிடு. முதல் முறை 100 மட்டும் வாங்கிச் சலித்துப் பார். நூற்றில் தள்ளியது போக மிஞ்சிய எண்ணிக்கையால் விலையை வகுத்தால்தான் உண்மையான விலை தெரியும்.

கலிபோர்னியாவுக்கு நண்பர்களோடு வேட்டைக்குப் போகும் யோசனை இருந்தால் இந்த ஈயக் குண்டுகளை எடுத்துப் போகாதே. 2019 ஜூலை 1 முதல் அங்கே வேட்டைக்கு ஈயம் அடியோடு தடை. முழுச் செம்புக் குண்டு வேண்டும். அதற்கு மருந்துக் கணக்கும் வேறு, ஈயக் குண்டின் அளவை அதில் போடாதே. வீட்டில், சலிக்கும் மேஜையில் காபியும் முறுக்கும் வேண்டாம். முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுப் பிள்ளையைத் தொடு.

டிசம்பரில் ஊருக்குப் போவதாக எழுதியிருந்தாய். வேட்டைக்குக் கொண்டுபோன பையை விமானப் பயணத்துக்கு எடுக்காதே. இந்தியாவில் ஆயுதச் சட்டத்தில் தோட்டாவின் பாகமும் தோட்டாதான். பை ஓரத்தில் மறந்து கிடந்த ஒன்று போதும், விமான நிலையத்தில் போலீஸ் கேஸ் ஆகிவிடும். எடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால் எல்லா ஜிப்பையும் திறந்து, தலைகீழாக உதறிப் பார்த்துவிட்டுத் துணி அடுக்கு.

சலித்து முடித்ததும் நூற்றுக்கு எத்தனை தள்ளியது என்று எழுது. வீட்டில் எல்லோருக்கும் என் அன்பைச் சொல்.

அன்புடன்,
ரகு