லிங்க் கொடுத்தால் மட்டும் காலண்டர் இணைந்துவிடாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மருத்துவர், வழக்கறிஞர், இசை ஆசிரியர் என்று நேரம் குறித்து ஆட்களைச் சந்திக்கும் தொழில்கள் பலவற்றிலும் இணையதள முன்பதிவு வந்துவிட்டது. ஒரே நேரத்துக்கு இரண்டு பேர் வந்து நிற்கும் தொல்லையும் கூடவே வந்திருக்கிறது. ‘காலண்டர் சிங்க் உண்டு’, அதாவது தளத்தின் முன்பதிவுகளும் உங்கள் காலண்டரும் தானாக ஒத்துப்போகும் என்று விற்கப்படும் மென்பொருள்கள் பலவும் அது எந்த வகை சிங்க் என்று சொல்வதே இல்லை. பணம் கட்டுவதற்கு முன்பே அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

எளிய வகை ஐ.சி.எஸ். லிங்க். காலண்டர் விவரங்களைப் பரிமாறப் பயன்படும் பொதுவான கோப்பு வடிவமே ஐ.சி.எஸ். முன்பதிவுகளை இணையதளம் ஒரு முகவரியில் வெளியிடும். கூகுள் காலண்டரில் ‘யு.ஆர்.எல். வழியாகச் சேர்’ என்ற இடத்தில் அந்த முகவரியை ஒட்ட வேண்டும். மூன்று நிமிட வேலைதான். ஆனால் இது ஒருவழிப் பாதை. அந்த முகவரியை எப்போது மறுபடி படிப்பது என்பதை கூகுளே முடிவு செய்கிறது. மாற்றம் தெரிய 12 மணி நேரம்கூட ஆகலாம். அதை விரைவுபடுத்தும் பொத்தான் எதுவும் கிடையாது. காலை 9 மணிக்கு வந்த முன்பதிவு மாலையில் தலைகாட்டினால், இடைப்பட்ட நேரத்தில் நீங்கள் தொலைபேசியில் இன்னொருவருக்கு அதே நேரத்தைக் கொடுத்திருப்பீர்கள். சிலர் ஐ.சி.எஸ். கோப்பைத் தரவிறக்கி ‘இம்போர்ட்’ செய்கிறார்கள். அது அந்த நேரத்து நகல் மட்டுமே. அதன்பின் வரும் எந்த மாற்றமும் அதில் ஏறாது.

நேரத்தை உண்மையாகவே தடுத்து வைக்க, ஏ.பி.ஐ. (ஒரு மென்பொருள் இன்னொன்றுடன் நேரடியாகப் பேசும் வழி) மூலம் இருபுறமும் பேசும் இணைப்பு தேவை. மென்பொருள் உருவாக்குவோருக்கான கூகுள் கிளவுட் கன்சோலில் ஒரு புராஜெக்ட் தொடங்கி, காலண்டர் ஏ.பி.ஐ.யை இயக்கி, ஓ-ஆத் கிளையன்ட் ஐ.டி. (கடவுச்சொல் தராமலே அனுமதி பெற உதவும் அடையாளம்) பெற்று, முன்பதிவு மென்பொருள் காட்டும் திரும்பும் முகவரியை (அனுமதி தந்தபின் கூகுள் நம்மைத் திருப்பி அனுப்பும் இடம்) அங்கே பதிய வேண்டும். இந்த முகவரி எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். கடைசிச் சாய்கோடு விடுபட்டாலும், ‘எச்டிடிபிஎஸ்’ இருக்க வேண்டிய இடத்தில் ‘எச்டிடிபி’ இருந்தாலும் அனுமதி கிடைக்காது.

‘ஒரு வாரம் நன்றாக ஓடியது, எட்டாம் நாள் நின்றுவிட்டது’ என்று பலர் குறைப்படுகிறார்கள். புராஜெக்ட் இன்னும் ‘டெஸ்டிங்’ நிலையில் இருப்பதே பெரும்பாலும் காரணம். அந்த நிலையில் வழங்கப்படும் ரெஃப்ரெஷ் டோக்கன் (மறுபடி கேட்காமல் அனுமதியைப் புதுப்பிக்கும் சாவி) 7 நாளில் காலாவதியாகும். ‘புரொடக்‌ஷன்’ நிலைக்கு மாற்றி, கணக்கை மறுபடி இணைக்க வேண்டும். இதில் கவலை தருவது, இணைப்பு அறுந்த பிறகும் முன்பதிவுப் படிவம் வழக்கம்போல் வேலை செய்வதுதான். சிங்க் தோற்றால் உடனே மின்னஞ்சல் அனுப்பாத மென்பொருளை வாங்கவே கூடாது என்பேன்.

கூகுள் காலண்டருக்குப் பூட்டுப் போடத் தெரியாது. ஒரே 10 மணிக்கு இரண்டு நிகழ்வுகளை எழுதினால் இரண்டையும் ஏற்றுக்கொள்ளும். ஆகவே இரட்டை முன்பதிவைத் தடுக்கும் பொறுப்பு இணையதளத்தின் தரவுத்தளத்துக்கே உரியது. ஒரே ஆள், ஒரே தொடக்க நேரம் இரண்டாம் முறை பதிவாகாதபடி அங்கே கட்டுப்பாடு வேண்டும். சந்திப்புகளின் கால அளவு வேறுபட்டால் தொடக்க நேரத்தை மட்டும் ஒப்பிடுவது போதாது. ஒன்றன்மேல் ஒன்று ஏறுகிறதா என்றும் பார்க்க வேண்டும். பணம் செலுத்தும்போது 10 நிமிடம் அந்த ஸ்லாட்டை, அதாவது தேர்ந்தெடுத்த நேரத்தை, பிடித்து வைக்க வேண்டும். ஸ்லாட்டைக் காட்டும்போது ஒரு முறை, உறுதி செய்யும் நொடியில் மறு முறை காலண்டரில் அந்த நேரம் காலியா என்று பார்க்க வேண்டும். முன்பதிவுப் பக்கத்தைக் கேஷில் (விரைவாகக் காட்டச் சேமித்து வைக்கும் நகலில்) வைத்தால் நேற்றைய காலி நேரமே இன்றும் தெரியும். அந்தப் பக்கத்துக்கு மட்டும் கேஷை விலக்கிவிடுங்கள்.

விடுமுறை போட்டிருந்தும் முன்பதிவு வந்துவிட்டதா? கூகுள் காலண்டரில் சாதாரணமாகச் சேர்க்கும் முழுநாள் நிகழ்வு, நாம் மாற்றாவிட்டால் ‘காலி’ என்றே பதிவாகிறது. அதைக் கையால் ‘பிஸி’ என்று மாற்ற வேண்டும். வீட்டு நிகழ்ச்சிகளைத் தனிக் காலண்டரில் வைத்திருந்தால், அதையும் சரிபார்க்கும் பட்டியலில் சேர்த்திருக்கிறோமா என்று பாருங்கள்.

நேரத்தை மாற்றினால் பழைய நிகழ்வும் அப்படியே நிற்பது இன்னொரு கோளாறு. நிகழ்வை உருவாக்கும்போது கூகுள் தரும் நிகழ்வு எண்ணை முன்பதிவுடன் சேமிக்காததன் விளைவு அது. எண் கையில் இருந்தால்தான் திருத்தவோ நீக்கவோ முடியும். இணையதளம் எழுதிய நிகழ்வையே புதிய நிகழ்வு என்று எண்ணித் திரும்பப் படித்துப் பெருக்கிக்கொள்ளும் சுழற்சியைத் தடுக்கவும் அதே எண் உதவும்.

வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் கட்டிய தளமென்றால் ஒன்று கூடுதலாகக் கவனிக்க வேண்டும். அதன் உள் கிரான் (குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாகத் தொடங்கும் அமைப்பு), யாராவது தளத்துக்கு வந்தால்தான் ஓடும். ஆள் வராத இரவில் சிங்க்கும் தூங்கும். அந்த உள் கிரானை நிறுத்திவிட்டு, சர்வரின் சொந்தக் கிரானை 5 நிமிடத்துக்கு ஒரு முறை ஓடவிடுவதே சரி.

வெளிநாட்டவர் முன்பதிவு செய்தால், ‘யு.டி.சி.யிலிருந்து (உலகப் பொது நேரத்திலிருந்து) இத்தனை மணி’ என்று மட்டும் சேமிப்பது போதாது. நேர மண்டலத்தின் பெயரும் வேண்டும். கோடைக்கால நேரத்துக்காக அமெரிக்கா மார்ச் இரண்டாம் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளுகிறது. பிரிட்டன் மார்ச் கடைசி ஞாயிறு. இடைப்பட்ட வாரங்களில் நியூயார்க், லண்டன் வித்தியாசம் 5 மணி அல்ல, 4 மணி. வாராவாரம் நடக்கும் வகுப்புகள் இங்கேதான் குழம்புகின்றன.

காலண்டரின் ரகசிய ஐ.சி.எஸ். முகவரி யார் கையில் கிடைத்தாலும் அவர் எல்லாவற்றையும் படிக்கலாம். தவறிப் பகிர்ந்துவிட்டால் அமைப்புகளில் ‘ரீசெட்’ செய்யுங்கள். நிகழ்வின் தலைப்பில் நோயின் பெயரோ வழக்கின் விவரமோ வேண்டாம். முன்பதிவு எண் போதும்.

தளத்தைத் திறப்பதற்கு முன் இரண்டு கைப்பேசிகளில் ஒரே ஸ்லாட்டை ஒரே நேரத்தில் அழுத்திப் பாருங்கள். ஒன்றை ரத்து செய்யுங்கள், இன்னொன்றைக் காலண்டரிலேயே நகர்த்துங்கள். 10 நிமிடத்தில் இரு பக்கமும் ஒத்திருக்கிறதா என்று கவனியுங்கள். கடைசியாக, கூகுள் கணக்கில் அந்த மென்பொருளின் அனுமதியை வேண்டுமென்றே நீக்கி, எச்சரிக்கை மின்னஞ்சல் வருகிறதா என்று பாருங்கள்.

இப்படிக்கு,
முன்பதிவுத் தளங்களைப் பராமரிக்கும் வாசகர் ஒருவர்