மழைநீர்க் கால்வாய் எங்கே போகிறது? படைத்தளத்தாருக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டிலுள்ள முப்படைத் தளங்களின் கமாண்டர்களுக்கும், அங்கே பணிபுரியும் அதிகாரிகள், ஜே.சி.ஓ.க்கள் (இளநிலை ஆணை அதிகாரிகள்), வீரர்கள், சிவிலியன் ஊழியர்கள், ஒப்பந்தத் தொழிலாளர்கள் அனைவருக்கும்,

வணக்கம்.

படைத்தளங்களின் கட்டடம், நீர், மின்சாரத்தைக் கவனிக்கும் எம்.இ.எஸ். என்ற ராணுவப் பொறியியல் சேவையின் நீர் வழங்கல் பிரிவில் முப்பத்தோரு ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் நான். பம்ப் ஹவுஸ் சாவியும் கிணறுகளின் நீர்மட்டக் குறிப்பேடும் என் கையில் இருந்த காலம் அது. சுற்றுச்சூழல் மேலாண்மை அமைப்பு, அதாவது வேலையால் மண்ணும் நீரும் கெடாமல் காக்கும் ஒழுங்குமுறை, என்ற பெயரில் உங்கள் அலுவலகங்களில் கோப்புகளாக இருப்பது, வால்வைத் திறக்கிற கைக்கும் ஆயில் மாற்றுகிற கைக்கும் போய்ச் சேரவேண்டும் என்று கேட்பதற்காகவே இம்மடலை எழுதுகிறேன்.

நான் பணிபுரிந்த ஒரு தளத்தில் பல ஆண்டுகளுக்கு முன் நடந்ததைச் சொல்கிறேன். மேலதிகாரியின் ஆய்வுக்கு முந்திய நாள் மாலை. எம்.டி. (வண்டிகள்) பிரிவின் சர்வீஸ் ராம்ப்புக்குக் கீழே, லாரிகளின் பழைய எஞ்சின் ஆயில் சொட்டிச் சொட்டி, மணல் கறுத்துப் பாகுபோல் இறுகிக் கிடந்தது. இரண்டு இளம் ஜவான்கள் அதை மண்வெட்டியால் சுரண்டிப் பின்புறத்து மழைநீர்க் கால்வாயில் தள்ளினார்கள்; தரையில் ஒட்டியிருந்த மிச்சத்தை டீசல் ஊற்றித் தேய்த்து, ஹோஸ் பைப்பால் கழுவிவிட்டார்கள். மறுநாள் ராம்ப் பளிச்சென்று இருந்தது. ஓரக் கற்களுக்குக் காவியும் சுண்ணாம்பும் அடித்திருந்தார்கள். பாராட்டும் கிடைத்தது. அந்தக் கால்வாய் எங்கள் மூன்றாம் எண் கிணற்றை ஒட்டிப் போகிறது என்பது அவ்விருவருக்கும் தெரியாது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் அந்தக் கிணற்றுநீரை வாளியில் எடுத்துப் பார்த்தேன். மேலே வானவில் நிறத்தில் மெல்லிய படலம் மிதந்தது. கிணற்றை மூடினோம். நான் ஓய்வுபெறும்வரை அது திறக்கப்படவில்லை. அந்த இளைஞர்கள்மேல் எனக்கு அன்றும் கோபமில்லை, இன்றும் இல்லை. சொன்ன வேலையைச் சுத்தமாகச் செய்தார்கள். கால்வாய் எங்கே போகிறது என்று அவர்களுக்குச் சொல்லியிருக்க வேண்டியவர்களில் நானும் ஒருவன்.

சுற்றுச்சூழல் மேலாண்மை அமைப்புக்கான ஐஎஸ்ஓ 14001 என்ற பன்னாட்டுத் தரம் முதலில் 1996இல் வெளிவந்தது. 2015இல் திருத்தப்பட்ட பதிப்பில் விழிப்புணர்வுக்கென்றே 7.3 என்று தனிப் பிரிவு இருக்கிறது. நிறுவனத்தின் கட்டுப்பாட்டின்கீழ் வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும் சுற்றுச்சூழல் கொள்கை தெரிந்திருக்க வேண்டும், தம் வேலையால் காற்றுக்கும் நீருக்கும் மண்ணுக்கும் நேரக்கூடியது என்னவென்று தெரிந்திருக்க வேண்டும், முறை தவறினால் என்ன விளையும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும் என்கிறது அது. "கட்டுப்பாட்டின்கீழ் வேலை செய்யும்" என்ற சொல்லைக் கவனியுங்கள். சீருடை அணிந்தவர் மட்டும் அதில் அடங்கவில்லை; கான்ட்ராக்டர் அனுப்பும் துப்புரவுத் தொழிலாளியும் அடங்குகிறார், எரிபொருள் டேங்கர் ஓட்டிவருபவரும் அடங்குகிறார்.

தெரியாமையின் விலை என்னவென்று காட்ட, அமெரிக்கக் கடற்படையின் ரெட் ஹில் எரிபொருள் கிடங்கைவிடத் தெளிவான சான்றை நான் அறியேன். ஹவாயின் ஓவாஹு தீவில், பேர்ல் ஹார்பருக்கு அருகே மலையைக் குடைந்து, 1940க்கும் 1943க்கும் இடையே 20 தொட்டிகள் கட்டினார்கள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 4.7 கோடி லிட்டர் கொள்ளும். தொட்டிகளுக்குச் சுமார் 100 அடி கீழே, மக்கள் குடிக்கும் நிலத்தடி நீர். 2021 மே 6 அன்று எரிபொருளை இடம்மாற்றும்போது வால்வுகளை உரிய வரிசையில் இயக்காததால் அழுத்தம் எகிறிக் குழாய் இணைப்புகள் விட்டுக்கொண்டன. கொட்டியது சுமார் 6,000 லிட்டர் என்று அப்போது கணக்கு எழுதினார்கள். உண்மையில் வெளியேறியது 80,000 லிட்டருக்கு அருகில். மிச்சம் எங்கே போயிற்று? தீயணைப்பு அமைப்பின் வடிகால் குழாயில் புகுந்து, ஆறு மாதத்துக்கும் மேலாக அங்கேயே கிடந்தது. பி.வி.சி.யால் ஆன அந்தக் குழாய் பாரம் தாங்காமல் தொய்ந்து தொங்கியது. நவம்பர் 20 அன்று சுரங்கத்தில் ஓடிய தள்ளுவண்டி ரயில் அதில் இடிக்க, எரிபொருள் பல மணி நேரம் கொட்டிக் கிணற்றுநீரில் கலந்தது. அந்தக் குடிநீர் அமைப்பைச் சார்ந்திருந்தவர்கள் ஏறக்குறைய 93,000 பேர். அவர்களில் பெரும்பாலோர் படைவீரர்களின் சொந்தக் குடும்பத்தினர். குழாயைத் திறந்தால் எரிபொருள் வாடை வருகிறது என்று முறையிட்டவர்கள் அவர்கள்தான். 2022 மார்ச் 7 அன்று கிடங்கை மூட உத்தரவாயிற்று.

இங்கே ஒன்றை நினைத்துப் பாருங்கள். அமெரிக்க அரசுத் துறைகள் 2005 டிசம்பர் 31க்குள் சுற்றுச்சூழல் மேலாண்மை அமைப்புகளை ஏற்படுத்த வேண்டும் என்று அந்நாட்டு அதிபர் 2000ஆம் ஆண்டிலேயே ஆணையிட்டிருந்தார். ஆணை இருந்தது, கையேடுகள் இருந்தன. தொட்டியில் குறைந்த எரிபொருளுக்கும் கொட்டியதாக எழுதிய கணக்குக்கும் இடையே 70,000 லிட்டருக்கு மேல் இடித்ததே, அதை யாரும் துருவிப் பார்க்கவில்லை. தொய்ந்த குழாய்க்கு அருகே எத்தனை பேர் நடந்துபோயிருப்பார்கள் என்று எண்ணும்போது எனக்கு இன்றும் மனம் பதறுகிறது.

அமெரிக்காவின் வட கரோலினாவிலுள்ள கேம்ப் லெஜூன் என்ற மரைன் படை முகாமின் கதை இதைவிட நீண்டது. 1953 முதல் 1987 வரை அம்முகாமின் குடிநீரில் எண்ணெய்ப் பிசுக்கை நீக்கப் பயன்படும் டிரைகுளோரோஎத்திலீன் முதலிய கரைப்பான்கள் கலந்திருந்தன. ஒரு பகுதிக்கு நஞ்சு வந்தது முகாமுக்கு வெளியே கரைப்பானால் துணி வெளுத்த உலர்சலவை நிலையத்திலிருந்து. இன்னொரு பகுதிக்கு, முகாமின் சொந்த நிலத்தடித் தொட்டிகளிலிருந்தும் கழிவுக் குழிகளிலிருந்தும். டீசல் நீரின்மேல் மிதப்பதால் கண்ணில் படும். இந்தக் கரைப்பானோ நீரைவிடக் கனமானது, அடியில் போய்த் தங்கிவிடும். பாதிக்கப்பட்டோர் வழக்குத் தொடுக்க வழிசெய்யும் சட்டம் 2022இல்தான் நிறைவேறியது.

நம் மாநிலத்தின் பெரும்பகுதி கடினப் பாறை நிலம். நிலத்தடி நீர் பாறைப் பிளவுகளின் வழியே ஓடுவதால், தளத்தின் ஒரு மூலையில் ஊற்றிய ஆயில் எந்த ஊர்க் கிணற்றில் தலைகாட்டும் என்று மதிலைப் பார்த்துச் சொல்ல முடியாது. போஸ்டிங்கில் வரும் வீரர் இரண்டு மூன்று ஆண்டுகளில் மாறிப்போவார். புதைத்த தொட்டியும் கறுத்த மண்ணும் அங்கேயே இருக்கும். எந்தக் கொட்டகைக்குப் பின்னால் பழைய குழி இருந்தது என்பதை, பொறுப்பு மாற்றிக்கொடுக்கும் பட்டியலில் நாற்காலி மேசையோடு சேர்த்து எழுதிவைக்கும் வழக்கத்தை நான் எங்கும் பார்த்ததில்லை. இது எழுதப்பட வேண்டும். கழிவு எண்ணெயை 90 நாட்களுக்கு மேல் தேக்கிவைக்காமல் உரிமம் பெற்ற மறுசுழற்சியாளரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டு அபாயகரக் கழிவு விதிகள் சொல்வதும் டிரம்மைத் தூக்கிச் செல்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இதற்குப் பெரிய செலவு வேண்டியதில்லை. வீரர்களைக் கூட்டிக் கமாண்டர் பேசும் சைனிக் சம்மேளனில் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். தமிழிலும் இந்தியிலும், அவரவர் வேலையைச் சுட்டிப் பேசுங்கள். சமையற்கூடத்தாரிடம் எரிபொருள் வால்வைப் பற்றியும், வண்டி ஓட்டுநரிடம் மருத்துவக் கழிவைப் பற்றியும் பொதுவாகப் பேசினால் யார் மனத்திலும் பதியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, எண்ணெய் கொட்டிவிட்டது என்று முதலில் வந்து சொல்பவருக்குத் தண்டனை இல்லை என்பதை கமாண்டரே தம் வாயால் அறிவிக்க வேண்டும். கண்டிப்புக்கு அஞ்சித்தான் மணலைக் கால்வாயில் தள்ளுகிறார்கள். முப்பத்தோரு ஆண்டுகளில் நான் கண்டது இது.

தரிசாகிக் கிடந்த முசோரி மலைகளை, பிராந்திய ராணுவம் 1982இல் தொடங்கிய சுற்றுச்சூழல் பட்டாலியன் மரம் நட்டுப் பசுமையாக்கியது. நம் படை மனம் வைத்தால் முடியும் என்பதை நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

அடுத்த மழைக்காலம் தொடங்குமுன், உங்கள் தளத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களை அழைத்துக்கொண்டு, சர்வீஸ் ராம்ப்பின் பின்புறக் கால்வாய் தொடங்கும் இடத்திலிருந்து அது போய்ச் சேரும் இடம்வரை ஒருமுறை நடந்துவர வேண்டுகிறேன். கிணறுகளின் இருப்பிடம் தெரிந்த பம்ப் ஆபரேட்டரை உடன் அழைத்துச் செல்லுங்கள். அழைத்தால் நானும் வருகிறேன்.

பணிவுடன்,
ஓய்வுபெற்ற எம்.இ.எஸ். ஊழியர் ஒருவர்