பட்டறைக்குள் தண்ணீர் வருமுன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வடகிழக்குப் பருவமழைக்கு ஆயத்தமாவது பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரை வீடுகளுக்குப் பொருந்தும். சிறு தொழிற்கூடங்களுக்கு அது போதாது. அம்பத்தூர், கிண்டி போன்ற தொழிற்பேட்டைகளில் பட்டறை நடத்துவோருக்காக, அதில் விடுபட்டவற்றை எழுதுகிறேன்.

புயல் எந்த ஊரில் கரையைக் கடக்கும் என்று டிவியைப் பார்த்துக்கொண்டு உட்காரக் கூடாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கரையைக் கடந்தது ஆந்திராவின் பாபட்லா அருகே, மூழ்கியது சென்னை. 2015இல் கிண்டி, ஈக்காட்டுத்தாங்கல் பக்கம் புகுந்தது அடையாற்று வெள்ளம். 2016இல் வர்தா வந்தபோதோ பெரும் சேதம் காற்றால். வெள்ளத்துக்கு ஓர் ஆயத்தம், காற்றுக்கு வேறோர் ஆயத்தம் என்று இரண்டும் செப்டம்பரிலேயே தொடங்க வேண்டும். வானிலை ஆய்வு மையத்தின் முதல் கட்டப் புயல் எச்சரிக்கை சுமார் 72 மணி நேரத்துக்கு முன்தான் வரும். அந்த மூன்று நாளில் வெல்டரும் எலக்ட்ரீஷியனும் பேட்டையில் எல்லாருக்கும் ஒரே சமயத்தில் தேவைப்படுவார்கள்.

பழைய வெள்ளக் கறை சுவரில் எந்த உயரத்தில் நிற்கிறதோ, அதற்கு ஓரடி மேலே பெயின்ட்டால் ஒரு கோடு போடுங்கள். மெயின் சுவிட்ச், கன்ட்ரோல் பேனல், ஸ்டெபிலைசர், ஜெனரேட்டர் எல்லாம் அந்தக் கோட்டுக்கு மேலே இருக்க வேண்டும். ஆங்கிள் ஸ்டாண்ட் அடித்துப் பேனலை ஏற்றும் செலவு, நனைந்த ஒரு சர்வோ ட்ரைவின் (மோட்டாரை இயக்கும் மின்னணுப் பெட்டி) விலைக்குப் பக்கத்தில்கூட வராது.

கணினிக் கட்டுப்பாட்டில் ஓடும் சிஎன்சி இயந்திரத்தைத் தூக்க முடியாது. ஆனால் அதன் ட்ரைவ், ஆம்ப்ளிஃபையர், மெமரி போர்டு ஆகியவற்றைக் கழற்றி மேலே வைக்கலாம். கழற்றுமுன் மின்சாரத்தை அணைத்து, கெப்பாசிட்டரில் தங்கிய மின்னூட்டம் இறங்கும்வரை காத்திருக்க வேண்டும். ஒவ்வொரு ஒயருக்கும் எண் டேக் போட்டுப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் முதலில் பாராமீட்டர் (இயந்திரத்தின் அமைப்பு எண்கள்), லேடர் (அதன் இயக்க வரிசை), புரோகிராம் (வேலைக்கான கட்டளைகள்) மூன்றையும் மெமரி கார்டில் நகல் எடுத்துவிட வேண்டும். இயந்திரத்தை ஆட்டுவிக்கும் கணினியான கன்ட்ரோலர்கள் பலவற்றில் இவை பேட்டரியின் தயவில்தான் உயிரோடு இருக்கின்றன. பேட்டரி பழசாக இருந்து, பத்து நாள் கரன்ட்டும் இல்லாமல் போனால், ஒரு சொட்டுத் தண்ணீர் படாத இயந்திரம்கூட நினைவிழந்து நிற்கும். ஆகவே பேட்டரியை மழைக்கு முன்பே மாற்றிவிடுங்கள், அதுவும் கன்ட்ரோலர் ஓடிக்கொண்டிருக்கும்போது.

மணல் மூட்டையை முழுக்க நிரப்பினால் உருண்டையாகி இடுக்கு விடும். பாதிக்குச் சற்று மேல் நிரப்பி, வாயை மடித்து அடியில் கொடுத்து, செங்கல் கட்டுவதுபோல் இணைப்பு மாற்றி அடுக்கி, மிதித்துச் சமப்படுத்த வேண்டும். வெளிப்பக்கம் தடித்த பாலிதீன் விரிப்பு அவசியம். இத்தனையும் செய்த பிறகு கழிவறைக் குழாய் வழியாகத் தண்ணீர் பொங்கி உள்ளே வருவதுதான் பல இடங்களில் நடக்கிறது. வெளியேறும் குழாயில், தண்ணீரைத் திரும்பி வரவிடாத நான்-ரிட்டர்ன் வால்வு போடாவிட்டால் வாசலில் மூட்டை அடுக்கிப் பயனில்லை. கேஸ் சிலிண்டர்களைச் சங்கிலியால் கட்டுங்கள். காலியானவை மிதந்து போய்விடும். கால்சியம் கார்பைடு டின் நனைந்தால் எளிதில் தீப்பற்றும் அசிட்டிலீன் வாயு கிளம்பும். அதைக் கட்டாயம் மேலே ஏற்றிவிட வேண்டும்.

காற்றைப் பொறுத்தவரை, கூரைத் தகடு முதலில் பிய்வது ஓரத்திலும் மூலையிலும்தான். அங்கே தகட்டைச் சட்டத்தோடு பிணைக்கும் ஜே போல்ட்டுகளின் இடைவெளியைக் குறைத்து, துருப்பிடித்தவற்றையும் வெடித்த வாஷர்களையும் மாற்ற வேண்டும். ஷட்டர் பிதுங்கினால் காற்று உள்ளே புகுந்து கூரையை அடியிலிருந்து தூக்கும். அகலமான ஷட்டருக்கு உட்புறம் குறுக்குக் குழாய் கொடுத்துத் தாங்கல் போடுவது கூரையைக் காக்கும் வேலையும்கூட.

மழை நின்ற பிறகு நடப்பதுதான் எனக்குப் பெரிய கவலை. ஆர்டர் நெருக்கடியில் வெளியே துடைத்துவிட்டு சுவிட்சைப் போடுகிறார்கள். காப்பாற்றியிருக்கக்கூடிய மோட்டார் அந்த நொடியில் எரிகிறது. மூழ்கிய மோட்டாரைப் பிரித்து, நல்ல தண்ணீரில் சேறு போகக் கழுவி, 80 முதல் 90 டிகிரி சூட்டில் ஓவனில் உலர்த்த வேண்டும். பேரிங்கைக் கழுவிப் போடாதீர்கள், மாற்றிவிடுங்கள். உள்ளே போன வண்டல் முழுதாக வெளியே வராது. பிறகு 500 வோல்ட் மெக்கரில் (மின்காப்பின் வலுவை அளக்கும் கருவி) பார்க்க வேண்டும். ஒரு மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் மறுபடி ஓவன்தான். ட்ரைவோடு இணைப்பைக் கழற்றாமல் மெக்கர் வைத்தால் ட்ரைவும் போய்விடும். ஜெனரேட்டர் டேங்கின் அடியில் தண்ணீர் தேங்கியிருக்கும். வடித்துவிட்டு, ஃபில்டரை மாற்றிய பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும். மூடிய ஷெட்டுக்குள் அதை ஓட்டவே கூடாது, புகை ஆளைக் கொல்லும்.

காப்பீட்டைப் பற்றி ஒரு செய்தி. ஓரிடத்தில் 5 கோடி ரூபாய் வரையிலான சொத்துக்கு 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா' பாலிசி உண்டு; புயலும் வெள்ளமும் அதில் அடங்கும். 40 லட்சம் மதிப்புள்ளதை 20 லட்சத்துக்கு எழுதியிருந்தால், 10 லட்சம் நட்டத்துக்குக் கிடைப்பது ஏறக்குறைய 5 லட்சம்தான். மதிப்பில் 15 சதவீதம் வரையிலான குறைவை மட்டுமே கண்டுகொள்ள மாட்டார்கள். நட்டத்தை மதிப்பிடும் காப்பீட்டு சர்வேயர் வரும்வரை கெட்ட பொருளைக் கழிவுக் கடைக்குப் போடாதீர்கள். சுவரில் உள்ள நீர்க்கோடும் இயந்திரத்தின் பெயர்ப்பலகையும் ஒரே படத்தில் விழுமாறு போட்டோ எடுங்கள்.

மெக்கரும் உலர்த்தும் ஓவனும் ஒவ்வொரு பட்டறையும் வாங்கக்கூடியவை அல்ல. தொழிற்பேட்டைச் சங்கங்கள் இரண்டையும் பொதுவில் வாங்கி, மேட்டுப்பாங்கான ஒரு கட்டடத்தில் வைக்க வேண்டும். செப்டம்பர் மாதக் கூட்டத்திலேயே அவர்கள் இதைத் தீர்மானமாக எடுத்துக்கொள்ளத் தங்கள் இதழும் வற்புறுத்த வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
இயந்திரப் பராமரிப்புப் பொறியாளர்,
அம்பத்தூர், சென்னை