கால்வே நகர மன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

கால்வே நகர மன்றத்தின் 18 உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

எனக்கு அயர்லாந்துக் குடியுரிமை கிடையாது. ஆனாலும் இந்த ஊரில் குடியிருப்பவன் என்ற ஒரே தகுதியில் உங்கள் தேர்தலில் வேட்பாளர்களுக்கு விருப்ப வரிசையில் 1, 2, 3 என்று எண் போட்டு வாக்களிக்கிறேன். அந்த உரிமையில் ஒரு கோரிக்கை. ஸ்பானிஷ் வளைவுக்குப் பக்கத்தில் நீங்கள் நடத்தும் நகர அருங்காட்சியகத்தில், லண்டனில் இருக்கும் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு உறுப்பினரை அனுப்பிவந்து 1918-இல் ஒழிந்துபோன கால்வே நகரத் தொகுதிக்கென்று ஒரு சுவரை ஒதுக்குங்கள். அங்கே வென்று லண்டன் போனவர்களின் படங்களை மாட்டுவதற்காக இல்லை. அவர்களுக்கு வாக்குப் போட்டவர்களுக்காக.

1886 பிப்ரவரி இடைத்தேர்தலை யார் எடுத்து எழுதினாலும் அது ஐரிஷ் தேசியவாதக் கட்சித் தலைவர் பார்னலின் காதல் கதையாகிவிடுகிறது. அவருடைய கட்சிக்காரர் டி. பி. ஓகானர் முந்தைய ஆண்டு கால்வேயிலும் லிவர்பூலிலும் வென்று, லிவர்பூலை வைத்துக்கொண்டார். காலியான இடத்துக்குப் பார்னல் கொண்டுவந்து நிறுத்தியவர் கேப்டன் வில்லியம் ஓஷே. அவருடைய மனைவி கேத்தரினுக்கும் பார்னலுக்கும் இருந்த உறவு கட்சிக்குள் பலருக்குத் தெரியும். சரி, அதுவும் ஒரு காரணம்தான். ஆனால் ஓஷே, கட்சியோடு சேர்ந்தே வாக்களிப்பேன் என்ற உறுதிமொழியை எடுக்க மறுத்தவர். கட்சிக்குக் கட்டுப்படாத ஒருவரைக் கட்சித் தலைவரே ஊர் தலையில் கட்டினார் என்பதுதான் அரசியல்.

அதே கட்சியின் ஜோசப் பிகாரும் டிம் ஹீலியும் கொதித்துப்போய் கால்வேக்கு வந்து, மைக்கேல் லிஞ்ச் என்ற உள்ளூர்க்காரருக்கு ஆதரவு திரட்டினார்கள். பார்னலே ரயிலேறி வந்தார். ஓஷே தோற்றால் தலைமையே தோற்றதாக எதிரிகள் கொண்டாடுவார்கள், எட்டிப் பிடிக்கும் தூரத்தில் இருக்கும் தன்னாட்சி, அதாவது அயர்லாந்துக்கென்று தனி நாடாளுமன்றம், கைநழுவிப் போகும் என்று பேசினார். லிஞ்ச் ஒதுங்கிக்கொண்டார். அப்படியும் எண்ணிப் பார்த்தபோது ஓஷேக்கு 942, லிஞ்சுக்கு 54.

அந்த 54 பேரைப் பற்றி யாரும் எழுதிவைக்கவில்லையே என்பதுதான் என் ஆதங்கம். அவர்களுடைய வேட்பாளரே ஆட்டத்தில் இல்லை. பார்னல் சொல்லைத் தட்டும் துணிச்சல் அன்றைய அயர்லாந்தில் எத்தனை பேருக்கு இருந்தது? ரகசிய வாக்கெடுப்பு 1872-இல்தான் வந்தது. அதற்கு முன்பாக இருந்திருந்தால் ஊரறிய வாய்விட்டுச் சொல்லியிருக்க வேண்டும். 1886 ஜூன் 8 அன்று தன்னாட்சி மசோதா 30 வாக்கு வித்தியாசத்தில் தோற்றபோது, ஓஷே எந்தப் பக்கமும் வாக்களிக்கவில்லை. கையோடு பதவியையும் விட்டார். நாலு மாதத்துக்குத்தான் அவ்வளவு கூச்சலும்!

இதே ஊர் 1900-இல் பிரிட்டனோடு சேர்ந்திருக்க விரும்பிய மார்ட்டின் மாரிஸைத் தேர்ந்தெடுத்தது. உள்ளூர்க் குடும்பம், கத்தோலிக்கர். அவருடைய தந்தையும் 1860-களில் இதே தொகுதி உறுப்பினர். தந்தை இறந்து பிரபுப் பட்டம் இவருக்கு வர, பிரபுக்கள் சபைக்குப் போனார். அடுத்த இடைத்தேர்தல் 1901 நவம்பரில். ஒரு பக்கம் விவசாயக் கூட்டுறவு இயக்கத்தை வளர்த்த ஹோரஸ் பிளங்கெட். இன்னொரு பக்கம் ஆர்தர் லிஞ்ச். ஆஸ்திரேலியாவில் பிறந்தவர், தென்னாப்பிரிக்காவில் டச்சு வழிவந்த போயர்களின் பக்கம் நின்று பிரிட்டிஷ் படையோடு சண்டை போட்டவர். பாரிஸில் இருந்த அவரால் பிரச்சாரத்துக்குக்கூட வர முடியவில்லை. காலடி எடுத்து வைத்தால் கைது. கால்வே அவருக்கு 1,247 வாக்குகள் தந்தது, பிளங்கெட்டுக்கு 473. அடுத்த ஆண்டு இங்கிலாந்தில் இறங்கியதும் பிடித்தார்கள். 1903 ஜனவரியில் ராஜதுரோகத்துக்குத் தூக்குத் தண்டனை. அப்புறம் அது ஆயுளாகி, 1904-இல் விடுதலை, 1907-இல் மன்னிப்பு. நீதிமன்றத்தில் நின்றவர் ஒருவர்தான். எனக்கென்னவோ, அந்த 1,247 பேரையும் சேர்த்தே விசாரித்த மாதிரி இருக்கிறது. பிறகு கால்வே அனுப்பிய சார்லஸ் டெவ்லின் கனடா நாடாளுமன்றத்தில் இருந்தவர். வெளியூர்க்காரன் என்று இந்த ஊர் முகம் சுளிக்கவில்லை.

சுவரில் பெருமை மட்டும் வேண்டாம். 1857-இல் இங்கே வாக்குகள் காசுக்கு விலைபோயின. ஆண்டனி ஓஃப்ளாஹெர்ட்டியின் வெற்றி செல்லாது என்றானது, விசாரணைக் குழுவும் வந்தது. இதுபோன்ற குற்றத்துக்காக ஸ்லைகோவும் கேஷலும் 1870-இல் தொகுதியையே இழந்தன, கால்வே தப்பியது. விற்றவர்களை மட்டும் பழிக்க எனக்கு மனம் வரவில்லை. அதற்குப் பத்து ஆண்டு முன்னால், பெரும்பஞ்சத்தின் நடுவில் நடந்த இடைத்தேர்தலில் இதே ஓஃப்ளாஹெர்ட்டி, அரசின் சட்ட அதிகாரி ஜேம்ஸ் மோனஹனிடம் வெறும் 4 வாக்கில் தோற்றிருந்தார். பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான 1848 கிளர்ச்சிக்காக அதன் தலைவர் ஸ்மித் ஓபிரையனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியது அந்த மோனஹன்தான். தொகுதியின் கடைசி உறுப்பினர் ஸ்டீபன் க்வின், ஓபிரையனின் மகள்வழிப் பேரன். இதைக் கண்டுபிடித்த அன்று யாரிடமாவது சொல்லியே ஆகவேண்டும் போலிருந்தது. இப்போது உங்களிடம் சொல்லிவிட்டேன்.

இன்னொரு வரியும் அந்தச் சுவரில் கட்டாயம் வேண்டும். 30 வயது கடந்த பெண்களில் பலருக்கு நாடாளுமன்ற வாக்குரிமை கிடைத்தது 1918 பிப்ரவரியில். அந்த டிசம்பர் பொதுத்தேர்தலுக்குள் நகரத் தொகுதியைக் கலைத்து கானமாரா தொகுதியோடு சேர்த்துவிட்டார்கள். ஆகவே கால்வே நகரத் தொகுதியின் நாடாளுமன்றத் தேர்தலில் ஒரு பெண்கூட வாக்களித்ததில்லை.

கோரிக்கையை மன்றக் கூட்டத்தில் எடுத்துக்கொள்ளும் நாளைச் சொல்லுங்கள், பார்வையாளர் இடத்தில் வந்து உட்காருகிறேன். செலவைப் பற்றிக் கவலை என்றால், முதலில் 942, 54 என்ற இரண்டு எண்களை மட்டுமாவது எழுதி வையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாக்காளர்களில் ஒருவன்