டியூப் மாற்றும் அறையில் இருப்பவர்களுக்கு

அன்புடையீர்,

வயிற்றைத் திறக்காமல், எக்ஸ்ரே படத்தைப் பார்த்துக்கொண்டே வலது அடிவயிறு வழியாகப் பெருங்குடலின் தொடக்கத்தில், குடலை நீர் விட்டுக் கழுவுவதற்கான டியூப் வைக்கும் முறையை 1990களில் டொராண்டோ சிக்கிட்ஸ் குழந்தைகள் மருத்துவமனையில் கொண்டுவந்தவர்கள் பேரி ஷாண்ட்லிங், பீட்டர் சேட் ஆகியோர். பிறவியிலேயே முதுகெலும்பு சரியாக மூடாத ஸ்பைனா பிஃபிடாவால் மலத்தை அடக்க முடியாத எங்கள் பிள்ளைகள் இன்று டயபர் இல்லாமல் பள்ளிக்குப் போகிறார்கள். அவர்கள் இருவருக்கும், அந்த வேலையைத் தொடரும் உங்கள் எல்லாருக்கும் பெற்றோர்களின் நன்றி.

ரேடியாலஜி டாக்டர்களே, பழைய டியூபுக்குள் கம்பியை விட்டு உள்ளே சுருண்டிருப்பதை நிமிர்த்தி உருவுகிறீர்கள். கம்பி அங்கேயே இருக்க, அதன்மேல் புதியதை ஏற்றுகிறீர்கள். எக்ஸ்ரேயில் தெரியும் சாய மருந்தைச் செலுத்தி, குடலின் மடிப்புகள் திரையில் தெரிந்த பிறகுதான் கையெடுக்கிறீர்கள். ஒவ்வொரு முறையும் நீளத்தை அளப்பதற்குத் தனி நன்றி. பிள்ளைக்குச் சதை போட்டதும் பழைய நீளம் போதாமல் மூடி தோலை அழுத்திப் புண்ணாக்கும். நீளம் கூடினால் டியூப் ஆடி ஆடிக் கசியும், ஓரத்தில் சிவந்த சதை வளரும்.

டெக்னாலஜிஸ்டுகளே, திரையில் நிறுத்திவைத்த கடைசிப் படத்திலேயே பார்க்க முடிந்ததற்கு இன்னொரு முறை எக்ஸ்ரே விடாமல் இருக்கிறீர்கள். பல வருடம் டியூப் மாற்றப்போகும் பிள்ளைகளுக்கு அது பெரிய உதவி.

நர்ஸ்களே, வீட்டில் நடப்பதெல்லாம் நீங்கள் கற்றுத்தந்தது. ஆறவைத்த ஒரு லிட்டர் கொதிநீருக்கு 9 கிராம் உப்பு. வெறும் தண்ணீர் அதிகம் போனால் உடம்பின் சோடியம் இறங்கிவிடும். உடல் சூட்டுக்கு வந்ததும், டாக்டர் சொன்ன அளவை டியூப் வழியாக மெதுவாக விட வேண்டும். குளிர்ந்த நீரோ வேகமோ வயிற்றைப் பிடித்து இழுக்கும், பிள்ளை வெளிறிப்போகும். பிறகு அரைமணியிலிருந்து ஒரு மணி நேரம் கழிப்பறையில் பொறுமையாக உட்கார வேண்டும்.

இரவில் போன் எடுப்பவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது! டியூப் கழன்று விழுந்தால் சில மணி நேரத்திலேயே துளை சுருங்கத் தொடங்கும். துளை மூடாதிருக்க, ஜெல் தடவிய ஃபோலி என்னும் வளையும் குழாயை மெல்ல நுழைத்து, தடுத்தால் தள்ளாமல், பிளாஸ்திரி ஒட்டிக் கிளம்பச் சொல்கிறீர்கள். படத்தில் உறுதியாகும்வரை அதில் ஒரு சொட்டும் விடக் கூடாது. நுனி குடலுக்கு வெளியே இருந்தால் நீர் வயிற்றறைக்குள் போய்விடும். ஸ்பைனா பிஃபிடா பிள்ளைகளுக்கு லேட்டக்ஸ் ரப்பர் ஒவ்வாமை அதிகம் என்பதால், சிலிக்கோன் ஃபோலிதானா என்று ஒவ்வொரு முறையும் கேட்டுவிட்டுத்தான் போனை வைக்கிறீர்கள்.

அன்புடன்,
பெற்றோர்கள்