சும்மா வேலை பார்க்கக் கூடாதா என்று கேட்ட மகளுக்கு

12-10-2025

அன்புள்ள கண்ணம்மா,

பட்ஜெட் நிறைவேறாமல் அமெரிக்க அரசு அலுவலகங்களை மூடி, உன்னைப் போன்ற அரசு ஊழியர்களை வீட்டில் உட்கார வைத்திருக்கிறார்கள். அதைப் பற்றி நேற்று போனில் நீ சொன்னது மனதிலேயே நிற்கிறது. "சம்பளம் வராட்டிப் போகுதுப்பா, வீட்டிலிருந்தே நாலு ஃபைலை முடிச்சிடலாம்னு பார்த்தா, லேப்டாப்பைத் திறக்கவே கூடாதுங்கிறாங்க" என்றாய். சும்மா உழைப்பது எப்படித் தப்பாகும் என்றும் கேட்டாய்.

நான் முப்பது வருடம் கருவூலத்தில் பில் பார்த்தவன். ஒதுக்கீடு இல்லாத தலைப்பில் பில் வந்தால், யார் கையெழுத்து இருந்தாலும் சிவப்பு மையில் 'நிதி ஒதுக்கீடு இல்லை' என்று எழுதித் திருப்புவேன். "பணம்தான் இருக்கே சார்" என்பார்கள். இருக்கும். சட்டமன்றம் சரி என்று சொல்லாமல் அதைத் தொட முடியாது.

உங்கள் அமெரிக்க அரசியலமைப்பும் அதையேதான் சொல்கிறது. ஆனால் 19ஆம் நூற்றாண்டில் துறைகள் வருடப் பணத்தை முன்னாலேயே தீர்த்துவிட்டு, "வேலை நடந்துவிட்டது, ஆட்களுக்குக் கொடுக்க வேண்டும்" என்று காங்கிரஸ் முன்னால், அதாவது அமெரிக்க நாடாளுமன்றத்தின் முன்னால், போய் நிற்கும். அப்புறம் மறுக்க முடியுமா? இன்று சும்மா செய்து கொடுத்தவரும் நாளைக்குக் கூலி கேட்டு வருவார். அதனால்தான் 1884இலேயே, சம்பளமில்லாத உழைப்பை அரசு ஏற்கக் கூடாது என்று சட்டம் போட்டார்கள். உயிருக்கும் சொத்துக்கும் ஆபத்து என்றால் மட்டும் விலக்கு. விமானக் கட்டுப்பாட்டாளர்கள் இப்போது சம்பளமில்லாமல் வேலைக்குப் போவது அந்த விலக்கில்தான்.

இன்னொன்றையும் கவனி. நீ ஆசையாகச் செய்தால் இந்தச் சட்டத்தில் மாட்டுவது அதை வாங்கிக்கொள்ளும் உன் மேலதிகாரி. தெரிந்தே மீறினால் இரண்டு வருடம் வரை சிறை, 5,000 டாலர் வரை அபராதம் என்று சட்டத்தில் இருக்கிறது. அவர் உன்னைத் தடுத்தது கடுமையால் இல்லை, கண்ணம்மா.

1980 வரை பட்ஜெட் தள்ளிப்போனாலும் அலுவலகங்கள் பெரும்பாலும் ஓடிக்கொண்டுதான் இருந்தன. அந்த வருடம் அமெரிக்க அரசின் தலைமைச் சட்ட அதிகாரியான அட்டர்னி ஜெனரல் சிவிலெட்டி, சட்டத்தை எழுத்துப்படி பார்த்தால் மூடித்தான் ஆக வேண்டும் என்றார். அவர் சொன்னது சரி என்றே நினைக்கிறேன். இங்கே பட்ஜெட் தாமதமானால், அதுவரை ஆகும் செலவுக்குச் சட்டமன்றத்திடம் முன்பண மானியம் வாங்கிச் சமாளிப்போம். அங்கேயும் பட்ஜெட் வரும்வரை செலவை ஓட்ட இடைக்காலத் தீர்மானம் என்று வழி இருக்கிறது. இருந்தும் அதைக்கூட நிறைவேற்றாமல் உன்னைப் போன்றவர்களைத் தவிக்க விடுகிறார்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

போன தடவை, 2018-19இல், 35 நாள் இழுத்தது. அப்போது போட்ட சட்டப்படி, அலுவலகம் திறந்ததும் நிலுவைச் சம்பளம் வர வேண்டும். அதுவரை வாடகைக்குக் கையைக் கடித்தால் தயங்காமல் சொல், அனுப்புகிறேன். லேப்டாப்பை அலமாரியில் வைத்துப் பூட்டு.

அன்புடன்,
அப்பா