மனைக்கு உட்பிரிவு எண் கொடுத்த பிறகே கிரயம் நடக்க வழிசெய்யக் கோரும் மனு

அனுப்புநர்:
ஓசூர், சூளகிரி, தேன்கனிக்கோட்டை வட்டங்களில் பத்திரம் எழுதுவோர், நிலம் அளப்போர், மனை வாங்கியோர்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், கிருஷ்ணகிரி.

பொருள்: அங்கீகரிக்கப்பட்ட மனைப்பிரிவுகளை முழுமையாக உட்பிரிவு செய்து, மனைவாரியாகப் புல எண் வழங்கக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். பாகலூர், பேரிகை, சூளகிரிப் பக்கம் மனை விற்கும் பலகை இல்லாத சாலை இப்போது குறைவு. வாங்குவோரில் பலர் பெங்களூரில் வேலை பார்ப்பவர்கள். கைபேசியில் படம் பார்த்து, ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து, அன்றைக்கே முன்பணம் கொடுத்துவிடுகிறார்கள். பலகையில் 'டிடிசிபி அப்ரூவ்டு, ரெரா அப்ரூவ்டு' என்று, அதாவது நகர் ஊரமைப்பு இயக்ககமும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையமும் ஏற்றவை என்று இருக்கும், எண் இருக்காது. ரெரா பதிவு தேவைப்படும் மனைப்பிரிவைப் பதியாமல் விளம்பரமே செய்யக் கூடாது, விளம்பரத்தில் பதிவு எண் இருக்க வேண்டும், பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்று 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டம் தெளிவாகவே சொல்கிறது. ஆனால் எல்லா அனுமதியும் முறையாகப் பெற்ற மனைப்பிரிவில் வாங்கியவரும் சிக்கிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. இந்த மனு அதைப் பற்றியது.

புல எண் 214/2, பரப்பு 2 ஏக்கர், அதில் 40 மனைகள் என்று வைத்துக்கொள்வோம். 17-ஆம் மனை 30-க்கு 40, அதாவது 1200 சதுர அடி. கிரயப் பத்திரத்தின் சொத்து விவரத்தில் '214/2-இல் மனை எண் 17' என்று எழுதுகிறோம். பதிவும் ஆகிவிடுகிறது. ஆனால் நில அளவைத் துறையின் புலப்படத்தில் 214/2 இன்னும் ஒரே புலம். கணினிப் பட்டாவில் 2 ஏக்கரும் பழைய உரிமையாளர் பெயரிலேயே நிற்கிறது. மனை எண் என்பது பத்திரத்தில் மட்டும் வாழும் எண். வருவாய்க் கணக்குக்கு அது தெரியாது.

இதனால் நடப்பவை: 214/2-க்கு வில்லங்கம் (நிலத்தின் பத்திரப் பதிவுகளைக் காட்டும் சான்று) போட்டால் 40 மனைகளின் பதிவுகளும் கலந்து வரும். மனை எண்ணோ நான்கெல்லையோ தவறாக ஏறியிருந்தால், ஒரே மனை இரண்டு முறை விற்கப்பட்டது கண்ணில் படாது. சில மனைகளுக்கு மட்டும் உட்பிரிவு ஆகி 214/2ஏ1 என்று எண் மாறியிருந்தால், பழைய எண், புதிய எண் இரண்டுக்கும் தனித்தனியே வில்லங்கம் பார்த்தாக வேண்டும். புதிதாக வாங்குபவர் ஒன்றை மட்டும் பார்த்துத் திருப்தி அடைகிறார். எல்லாவற்றிலும் மோசமானது, சாலைக்கும் பூங்காவுக்கும் ஊராட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுத்த இடமும் பழைய பட்டாவிலேயே கிடப்பது. அந்தப் பட்டாவைக் காட்டிப் பூங்கா இடத்தைச் சென்ட் கணக்கில் விவசாய நிலமாக மறுபடி விற்க முடிகிறது. 2¾ சென்ட் என்று எழுதினால் அது 1200 சதுர அடி மனைதான் என்பது கணக்குத் தெரிந்தவருக்கே புரியும். அப்படி வாங்கியவருக்கு வீட்டுக் கடனும் கிடைக்காது, கட்டட அனுமதியும் கிடைக்காது. 20.10.2016-க்கு முன் ஒரு மனைகூடப் பதிவாகாத மனைப்பிரிவு, அனுமதியில்லாத மனைகளை முறைப்படுத்தும் வரன்முறைத் திட்டத்துக்குள்ளும் வராது.

வாங்கியவர்கள் தனித்தனியே உட்பிரிவுக்கு மனுச் செய்வதும் சுலபமாக முடிவதில்லை. மனைப்பிரிவு வரைபடம் அடியில் இருக்கும், புலப்படம் மீட்டரில் இருக்கும். மனைக் கற்கள் பெயர்ந்திருக்கும். நில அளவர் ஒரு மனையை அளக்க வேண்டுமானாலும் புலத்தின் எல்லைக் கல்லிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஒரே புலத்தை 40 முறை அளந்தால் ஒவ்வொரு முறையும் சிறு வித்தியாசம் சேர்ந்து, கடைசி மனைக்காரருக்கு இடமே குறைகிறது. மனு 'ஆவணம் சரியில்லை' என்ற ஒரே வரியில் தள்ளுபடி ஆனால் எதைச் சரிசெய்வது என்றே தெரிவதில்லை.

ஆகவே, மனைப்பிரிவுக்கு உள்ளாட்சியின் இறுதி ஒப்புதல் கிடைத்ததும், முதல் மனை கிரயமாகும் முன்பே, விற்பவரின் செலவில் முழுப் புலத்தையும் ஒரே முறையில் அளந்து ஒவ்வொரு மனைக்கும் உட்பிரிவு எண் வழங்க உத்தரவிட வேண்டுகிறோம். அதிலும் சாலையையும் பூங்காவையும் முதலில் பிரித்து, கிராம நிலக் கணக்கான 'அ' பதிவேட்டில் உள்ளாட்சியின் பெயரில் ஏற்ற வேண்டும். மனைகளின் வேலை தாமதமானாலும் இது தாமதமாகக் கூடாது. ஏற்கெனவே விற்று முடிந்த மனைப்பிரிவுகளுக்குக் கிராமவாரியாகச் சிறப்பு முகாம் வைத்து இதே வேலையைச் செய்யலாம். 40 மனுக்களுக்கு அலைவதைவிட நில அளவருக்கும் அது எளிது.

ஒவ்வொரு கிராம நிர்வாக அலுவலர் அலுவலகத்திலும் அந்தக் கிராமத்தின் அங்கீகரிக்கப்பட்ட மனைப்பிரிவுகளின் புல எண், டிடிசிபி எண், ரெரா எண், மனை எண்ணிக்கை, பூங்கா இருக்கும் இடம் ஆகியவற்றை எழுதி ஒட்டச் சொல்ல வேண்டும். எல்லையோரக் கிராமங்களில் தெலுங்கிலும் கன்னடத்திலும் இருந்தால் மிகவும் நல்லது. 'பஞ்சாயத்து அப்ரூவல்' என்பது மட்டும் மனைப்பிரிவு அங்கீகாரம் ஆகாது என்று அதிலேயே ஒரு வரி சேர்க்கவும் கேட்டுக்கொள்கிறோம். எண் எழுதாத விளம்பரப் பலகைகளை அகற்ற வேண்டும்.

இன்னொன்று. ஒரு புலத்தின் ஒரு உட்பிரிவு ஓடைப் புறம்போக்காகவோ கோயில் நிலமாகவோ இருந்தால், முழுப் புல எண்ணையும் பதிவுக்கு முடக்கிய பட்டியலில் சேர்த்துவிடுவதால், பக்கத்துப் பட்டாதாரரின் வழிகாட்டி மதிப்பும் (பத்திரப் பதிவுக்கு அரசு வைக்கும் நில மதிப்பு) பூஜ்யம் ஆகிவிடுகிறது. முறையான பட்டா இருந்தும் மகள் திருமணத்துக்கு நிலத்தை விற்க முடியாமல் நிற்கும் நிலை அது. உட்பிரிவு அளவில் அந்தப் பட்டியலைத் திருத்தி மாவட்டப் பதிவாளருக்கு அனுப்பி உதவ வேண்டும்.

மனைப்பிரிவு வரைபடம், புலப்படம், வில்லங்கச் சான்று ஆகியவற்றின் மாதிரி நகல்களை இத்துடன் இணைத்துள்ளோம். களத்தில் எல்லைக் கல் காட்டவும், பழைய பத்திரங்களை எடுத்துக் கொடுக்கவும் எந்த நாளிலும் வரத் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
கீழே கையொப்பமிட்டுள்ளோர்

இடம்: சூளகிரி

நகல்: மாவட்ட வருவாய் அலுவலர், மாவட்டப் பதிவாளர், உதவி இயக்குநர், நில அளவைத் துறை.